வெரோனா அத்தையின் வாய்

எங்கள் ஊரில் வியாழக்கிழமை ஆட்டத்துக்குப் பெண்களிடம் காசு வாங்க மாட்டார்கள். ஆண்கள் சுரங்கத்துக்குள் இறங்கிப்போன நேரத்தில் மைதானம் காலியாகக் கிடக்கிறதே என்று எங்கள் பேஸ்பால் அணியின் முதலாளி யோசித்துச் செய்த ஏற்பாடு அது. பெண்கள் வருவார்கள், கடலையும் சோடாவும் வாங்குவார்கள், அழகாகக் கைதட்டிவிட்டுப் போவார்கள் என்று மனுஷன் நினைத்திருக்கிறான். பாவம், என் அத்தை வெரோனாவை அவனுக்குத் தெரியாது.

ஹேஸல் தெரு மைதானம் என்றதும் மற்றவர்களுக்குப் பச்சைப் புல் ஞாபகம் வருமாம். எனக்குக் கரிதான் ஞாபகம் வருகிறது. இடது பக்க வேலியை ஒட்டியே ரயில் பாதை. ஒவ்வொரு நிலக்கரி வண்டியும் எங்கள் மேல் ஒரு கைப்பிடிக் கரித்தூளைத் தூவிவிட்டுத்தான் போகும். பென்சில்வேனியாவில், அதுவும் எங்கள் பள்ளத்தாக்கில், இதற்கெல்லாம் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அத்தை பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் என்னை உட்கார வைப்பாள். அப்படியும் வீடு திரும்பும்போது என் கவுனின் பின்பக்கம் அடுப்படிக் கரித்துணி மாதிரி இருக்கும். அம்மா கத்துவாள். துவைத்தால் போகிறது, உன் பெண் என்ன மகாராணியா என்று அத்தை ஒரு போடு போடுவாள்.

எனக்கு அப்போது ஏழு வயது. சூடான வேர்க்கடலை காகிதப் பைக்குள்ளிருந்து மடியைச் சுடும். என்ஜின் டிரைவர்களுக்கும் ஆட்டப் பைத்தியம் உண்டு. ஆட்டம் சூடு பிடித்திருந்தால் வண்டியை நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு போவார்கள், யாராவது நல்ல அடி அடித்தால் விசிலை இழுத்துவிடுவார்கள். அந்த விசிலுக்குப் பயந்து நான் அத்தையின் அக்குளுக்குள் தலையை விட்டுக்கொள்வேன். பாதிரியார் சொர்க்கத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு மூன்றாம் பேஸுக்குப் பின்னால் நாங்கள் உட்காரும் அந்தப் பலகை வரிசைதான் கண்ணில் வரும். பந்தை அடித்துவிட்டு ஓடுகிறவன் தொட்டுக்கொண்டு போகவேண்டிய மூலைகளில் மூன்றாம் பேஸ் எங்கள் மூக்குக்கு நேரே இருந்தது. அங்கே நிற்கும் ஆட்டக்காரன் தும்மினால் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசினால் அவனுக்குக் கேட்கும். என் அத்தைக்கு அது போதாதா?

அத்தை சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். அங்கே பேசினால் மேற்பார்வைக்காரி கூலியைப் பிடிப்பாள். ஆனாலும் அத்தனை தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே, மேற்பார்வைக்காரி முதுகைத் திருப்பும் கணத்தில், அறையின் அந்தக் கோடியில் பொத்தான் துளை போடும் தன் சிநேகிதி சுஸ்காவுக்கு ஒரு வார்த்தையை எறிந்தாக வேண்டும். அப்படி எறிந்து எறிந்து வந்த குரல் அது. கல்யாணமான இரண்டாவது வருஷமே சுரங்கம் இடிந்து மாமா போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. வாரம் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு வேலை பார்க்கிறவள், வியாழக்கிழமை அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து மொத்தத்தையும் மைதானத்தில் கொட்டிவிட்டுப் போவாள்.

எதிரணிக்காரனைத் திட்டுவது எங்கள் ஊரில் தப்பே இல்லை. அது ஆட்டத்தில் சேர்த்தி. ஆனால் பலகை வரிசைக்கென்று சட்டம் உண்டு. அவனுடைய ஆட்டத்தைச் சொல்லலாம், நடையைச் சொல்லலாம், மூக்கைச் சொல்லலாம். அவன் வீட்டு விஷயத்தைத் தொடக் கூடாது. அதைவிடப் பெரிய சட்டம், நம் அணிக்காரனை ஒரு சொல் சொல்லக் கூடாது. அவன் பந்தைக் கோட்டை விட்டாலும், தடுக்கி விழுந்தாலும், கைதட்டித்தான் ஆகவேண்டும். ஒரு தடவை ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் எங்கள் அணியின் பந்து வீச்சாளனைப் பார்த்து ஊளையிட்டுவிட்டார். அதோடு தெருவே வேறு கடைக்கு மாறிவிட்டது. கடைசியில் மனுஷன் தன் மச்சான் ஊருக்கே கடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

எங்களோடு அடிக்கடி மோதும் ப்ரையர்டன் ஊர் அணியில் க்ளெட்டஸ் பார்லோ என்று ஒருவன் இருந்தான். மூன்றாம் பேஸ்காரன். ஜார்ஜியாவிலிருந்து வந்தவன், வளைந்த கால்கள். அத்தைக்குக் கடவுளே பார்த்து அனுப்பிய மாதிரி. அவன் வந்து நின்றதுமே அத்தை ஆரம்பித்துவிடுவாள்.

“டேய் க்ளெட்டஸ்! உன்னைப் பீப்பாய் மேல உக்கார வச்சா வளத்தாங்க? காலைச் சேத்து வையிடா, நடுவுல புகுந்து எங்களுக்குக் காத்தடிக்குது!”

பலகை வரிசை முழுக்க விழுந்து விழுந்து சிரிக்கும். க்ளெட்டஸ் திரும்பிப் பார்க்க மாட்டான். காது மட்டும் பழுத்த தக்காளியாகிவிடும். ஆனால் அவன் மட்டையைத் தூக்கிக்கொண்டு அடிக்க வரும்போது பார்க்கவேண்டும். அத்தை வாயைத் திறக்கத் திறக்க அவன் தாடை இறுகும். பிறகு ஒரே சாத்து. பந்து வேலிக்குப் போகும். எங்கள் மைதானத்தில் அவன் அடிக்காமல் போன நாளே கிடையாது. மற்ற ஊர்களில் அப்படியொன்றும் பிரமாதமில்லை என்று அப்பா சொல்வார். நீ வாயை மூடிக்கொண்டு இருந்தாலே நாம் ஜெயிப்போம் என்று அப்பா ஒரு நாள் தங்கையிடம் சொல்லப்போக, அத்தை ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அந்தக் கோடையில் எங்கள் அணி அவனை விலைக்கு வாங்கியது. அப்பா சொன்னதும் அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை. அது போதாதென்று, எங்கள் மாடி அறையையே வாடகைக்குக் கேட்டு வந்து நின்றான் அவன். கூட அவன் மனைவி ஒலீட்டா, ஏழு மாச வயிற்றோடு. அம்மா உடனே சரி என்றுவிட்டாள்.

முதல் நாள் சாயங்காலம் அத்தை ஒரு சட்டி நிறையக் கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டிய முட்டைகோஸ் கொண்டு வந்தாள். வந்தவள் வாயே திறக்கவில்லை. தலைத்துணியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, புது மருமகள் மாதிரி தலையை ஆட்டி ஆட்டிப் பரிமாறினாள். அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. க்ளெட்டஸ் ரொம்ப மரியாதைக்காரன். தென்பக்கத்து ஆட்கள் வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நல்லாருக்கும்மா, நல்லாருக்கும்மா என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து எங்கள் நாய் சட்டியில் மூக்கை வைத்தது. அத்தை, “டேய்!” என்றாள்.

ஒரே ஒரு டேய்தான். க்ளெட்டஸின் முள்கரண்டி வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

“நீங்களாம்மா அது?”

“நான்தான்,” என்றாள் அத்தை. “இன்னொண்ணு வச்சுக்கோ.”

ஒலீட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ப்ரையர்டன் ஆட்டக்காரர்களுக்கு அத்தையின் பெயர் தெரியாதாம், ‘அந்த வாய்’ என்றுதான் சொல்வார்களாம், எங்கள் ஊருக்கு பஸ் ஏறும்போதே இன்றைக்கு அந்த வாய் யாரைப் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுவார்களாம். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அத்தை பாதி நாள் எங்கள் வீட்டில்தான். வேலை முடிந்து நேரே மாடிக்கு ஏறிவிடுவாள். ஒலீட்டாவின் கால் வீங்கியிருந்தால் உப்புத் தண்ணீரில் வைத்துத் தேய்த்துவிடுவாள். அவளுக்குக் கசகசா ரொட்டி செய்யக் கற்றுக்கொடுத்து, தான் சோளரொட்டி செய்யக் கற்றுக்கொண்டாள். அத்தை செய்த சோளரொட்டியை எங்கள் நாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விடும், க்ளெட்டஸ் மட்டும் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்பான். அவளுக்கு அப்படி ஒரு பிள்ளை இருந்திருந்தால் என்று அம்மா பெருமூச்சு விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு க்ளெட்டஸ் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். குத்தகை நிலத்தில் பருத்தி போடுகிறவராம். இவன் பதினெட்டு வயதில் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது வாசலில் நின்று, நீ எதற்கும் லாயக்கில்லாதவன், பருத்தி எடுக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்து நிற்பாய் என்றாராம். இவன் திரும்பவில்லை. அவரும் இத்தனை வருஷத்தில் ஒரு ஆட்டம்கூட வந்து பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அத்தை சிரிக்கவில்லை. அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் கறியை அள்ளி வைத்தாள்.

இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பயலின் மட்டையில் பந்து படவே இல்லை.

எங்கள் சட்டையைப் போட்டதிலிருந்து அவன் மட்டை செத்துப்போயிற்று. மூன்று பந்தைக் கோட்டை விட்டால் ஆள் அவுட். அவன் விறுவிறுவென்று மூன்றையும் விட்டுவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வருவான். பலகை வரிசை சட்டப்படி கைதட்டும். என் கண்ணே, அடுத்தது அடிப்பேடா என்று அத்தை கொஞ்சுவாள். அந்தக் குரலில் கொஞ்சல் கேட்கச் சகிக்காது. அவன் அடுத்ததையும் விடுவான். ஆகஸ்ட் மாசம் வந்தபோது மேனேஜர் அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: வியாழக்கிழமை வரை பார்ப்பேன், வெள்ளிக்கிழமை புதுப் பையன் ஒருவன் வருகிறான். அனுப்பிவிட்டால் சம்பளம் அன்றோடு சரி. முப்பத்தொரு வயதுக்காரனை ஆட்டப் பருவத்தின் நடுவில் வேறு எந்த அணி எடுக்கும்? வயிற்றில் பிள்ளையோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு ஜார்ஜியாவுக்கு, அந்த அப்பாவின் வாசலுக்கு, சரியாகப் பருத்தி எடுக்கிற நேரத்துக்குப் போய் நிற்கவேண்டும். ஒலீட்டா இதை அம்மாவிடம் சொல்லி அழுதாள்.

புதன்கிழமை சாயங்காலம் அத்தை கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து முட்டைகோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தண்டுகளைத் தின்றுகொண்டிருந்தேன். க்ளெட்டஸ் வந்து எதிரே குந்தினான். ரொம்ப நேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

“அம்மா, நாளைக்கு என்னைத் திட்டுங்க.”

அத்தை கத்தியை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

“நெஜமாத்தான் சொல்றேன். நீங்க கத்தும்போது எனக்கு உங்க மேல இருக்கற கோவம் மட்டுந்தான் இருக்கும். வேற ஒண்ணுமே மண்டையில ஓடாது. இப்போ போய் நின்னா, வாடகை, பிள்ளை, வயசு, எல்லாம் உள்ள கத்துது. பந்து வர்றதே தெரியல. உங்க சத்தம் இருந்தா அதெல்லாம் கேக்காதும்மா.”

“நம்ம ஆளை நாமளே திட்டறதாடா? நான் அந்தப் பலகையில இனிமே உக்கார வேணாமா?”

“வேற வழி தெரியலம்மா.”

முடியவே முடியாது என்றாள் அத்தை. போய்ப் படுத்துத் தூங்கு, எல்லாம் சரியாகும் என்றாள். அவன் எழுந்து போனான். அவன் போன பிறகு அத்தை முட்டைகோஸை நறுக்கினாள் பாருங்கள், தூள் தூளாக்கிவிட்டாள். அதை ஒன்றும் செய்ய முடியாமல் கோழிக்குத்தான் போட்டோம். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. எத்தனையோ பேரைத் திட்டுகிறாள், இவன் வாய்விட்டுக் கேட்கிறான், இவனைத் திட்டினால் என்ன குறைந்துவிடும்? எனக்கு என்ன தெரியும் அப்போது.

வியாழக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. தொழிற்சாலைப் பெண்கள் அத்தனை பேரும் எங்கள் வரிசையில் இருந்தார்கள். சுஸ்கா அத்தையின் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒலீட்டா வரவில்லை, கால் வீக்கம். க்ளெட்டஸ் முதல் தடவை அடிக்க வந்தபோது அத்தை வாயைத் திறக்கவில்லை. கொஞ்சவும் இல்லை, திட்டவும் இல்லை. அவன் மூன்று பந்தையும் விட்டான். எல்லோரும் கைதட்டினார்கள்.

இரண்டாவது தடவை வந்தபோது அத்தை தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தாள். கால் பீப்பாய், நடுவில் காற்று என்று பழைய பல்லவியை எடுத்துவிட்டாள். சுஸ்கா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள், என்னடி இது, நம்ம ஆளுடி அது என்று. நாலைந்து பேர் திரும்பி முறைத்தார்கள். அதெல்லாம் போகட்டும். க்ளெட்டஸ் என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான். எங்கள் பக்கம் திரும்பி, வாய் நிறையச் சிரித்தான். இத்தனை நாள் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டாயிற்று, அவள் செய்த சோளரொட்டியைத் தின்றாயிற்று, இனிமேல் காலைச் சொன்னால் யாருக்குக் கோபம் வரும்? சிரித்துக்கொண்டே மூன்று பந்தையும் விட்டான்.

அத்தை உட்கார்ந்தாள். அவள் கை என் கையைப் பிடித்திருந்தது. அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிகிற கட்டத்தில் அவனுக்கு மூன்றாவது முறை வந்தது. நாங்கள் ஒரு ரன் பின்னால் இருந்தோம். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் பேஸில் நின்றார்கள். மேனேஜர் ஆட்டக்காரர்கள் உட்காரும் குழிக்குள்ளிருந்து எழுந்து நின்று, வேறு ஆளை அனுப்பலாமா என்று யோசித்தது எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு, போ என்று கையைக் காட்டினார். க்ளெட்டஸ் போய் நின்றான். முதல் பந்தை விட்டான். இரண்டாவதையும் விட்டான். இன்னும் ஒன்று போனால் ஜார்ஜியாதான்.

அத்தை எழுந்து நின்றாள்.

“க்ளெட்டஸ்! உங்கப்பா சொன்னது சரிதான்டா! பருத்தி வெடிச்சாச்சு, உனக்குக் கோணி காத்துக்கிட்டிருக்கு, வீட்டுக்குப் போ! நீ எதுக்கும் லாயக்கில்லன்னு பெத்தவருக்குத் தெரியாதா?”

நிலக்கரி வண்டியின் இரைச்சலைத் தாண்டிப் போகிற குரல் அது. மைதானத்தில் கேட்காத ஆளில்லை. எதிரணிப் பந்து வீச்சாளன்கூட வீச மறந்து எங்கள் பக்கம் பார்த்தான். க்ளெட்டஸ் மட்டையைத் தோளிலிருந்து இறக்கி, மெல்லத் திரும்பினான். அவன் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போயிருந்தது. அத்தையை ஒரு தடவை பார்த்தான். அத்தை உட்காரவில்லை, கண்ணைத் தாழ்த்தவும் இல்லை.

அடுத்த பந்தை அவன் அடித்த அடியில் மட்டை விரிசல் விட்டுவிட்டது. பந்து வலது பக்க வேலியில், மேல் பலகையில் மோதிய சத்தம் ஊர் மணி மாதிரி கேட்டது. பேஸில் நின்ற இரண்டு பேரும் ஓடி வந்து சேர்ந்துவிட்டார்கள், நாங்கள் ஒரு ரன் முந்திவிட்டோம். க்ளெட்டஸ் நிற்காமல் சுற்றி வந்து, மூன்றாம் பேஸில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சறுக்கி விழுந்தான், சரியாக எங்களுக்கு நேரே. எழுந்து தட்டிக்கொண்டான். மைதானம் முழுக்க நின்று கத்திக்கொண்டிருந்தது. அவன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. முதுகை மட்டும்தான் பார்த்தோம், அது ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சுஸ்கா தன் செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு நாலு வரிசை மேலே போய் உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அந்த வரிசையில் நானும் அத்தையும்தான் மிச்சம்.

க்ளெட்டஸின் வேலை தப்பியது. புதுப் பையனை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தபோது க்ளெட்டஸ் மேஜையிலிருந்து எழுந்து நின்றான்.

“திட்டத்தான் சொன்னேன்மா. அதைச் சொல்லச் சொல்லல.”

“வேற எதுவும் உனக்கு உறைக்கலையேடா.”

“தெரியும்,” என்றான். “அதான் தாங்கல.”

மாடிக்கு ஏறிப் போய்விட்டான். அடுத்த வாரமே அவர்கள் இரண்டு தெரு தள்ளி வேறு அறைக்குக் குடிபோய்விட்டார்கள். ஒலீட்டா அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதுவிட்டுத்தான் போனாள்.

அதற்குப் பிறகு அவன் நன்றாகவே அடித்தான், அத்தையின் சத்தம் இல்லாமலே. அத்தை வியாழக்கிழமை தவறாமல் மைதானத்துக்குப் போனாள். வாயைத் திறக்கவில்லை. எதிரணி மூன்றாம் பேஸ்காரன் எவனாவது வந்து நின்று, கேள்விப்பட்ட குரல் எங்கே என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பான். தொழிற்சாலையிலும் அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. நம்பிச் சொன்ன வீட்டு விஷயத்தை ஊருக்குக் கேட்கக் கத்தினவள், சோறு போட்டுக்கொண்டே கழுத்தை அறுத்தவள் என்று பேசிக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அவன்தான் கேட்டான், கொல்லையில் வந்து கெஞ்சினான் என்று சுஸ்காவிடம் போய்ச் சொல்லப் போகிறேன் என்றேன். அத்தை என் காதைப் பிடித்துத் திருகினாள்.

“வாயைத் தெறந்தே, பாரு. ஒரு கெழவிகிட்டப் போய்த் திட்டச் சொல்லிக் கேட்டான்னு தெரிஞ்சா அந்தக் குழிக்குள்ள அவனை எவனாவது மதிப்பானா? எனக்கென்ன, என்னை நாலு பேர் பேசினா நான் தேஞ்சா போயிடுவேன்?”

தேய்ந்துதான் போனாள். அந்த ஒரு மாசத்தில் அவள் முகமே சின்னதாகிவிட்டது.

செப்டம்பரில் பருவம் முடிந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒலீட்டாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. அத்தை போகவில்லை. தொப்பி ஒன்று பின்னி, அம்மா கையில் கொடுத்தனுப்பினாள், யார் கொடுத்தது என்று சொல்லாதே என்று. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பினார்கள். ஒரு நாள் காலையில் நான் அத்தை வீட்டில் இருந்தபோது, மேலே மெத்தையும் பெட்டியும் கட்டிய பழைய கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. ஒலீட்டா குழந்தையோடு இறங்கி வந்தாள்.

“க்ளெட்டஸ்தான் காட்டிட்டு வரச் சொன்னாரு,” என்றாள். “அவரு வரலையாம்.”

அத்தை கையை ஏப்ரனில் துடைத்தாள், இன்னொரு தடவை துடைத்தாள், அடுப்புக் கரி இருக்கும் என்றாள். ஒலீட்டா குழந்தையை அவள் கையில் வைத்துவிட்டாள். அத்தை குனிந்து அதனிடம் என்னவோ சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. அந்தத் தொண்டையில் அவ்வளவு சின்னக் குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

காருக்குள் க்ளெட்டஸ் நேரே சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நேரம் போயிற்று. ஒலீட்டா குழந்தையைத் திரும்ப வாங்கக் கையை நீட்டியபோது கார் கதவு திறந்தது. அவன் இறங்கி வந்து, கீழ்ப்படியில் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“எங்கப்பாவுக்குத் தந்தி குடுத்தேம்மா, பேரன் பொறந்திருக்கான்னு. பதிலே வரல.”

“ஊருக்குத்தானே போறே. நேரா கொண்டு போய்க் காட்டு.”

“காட்டறேன். அப்பவும் பாக்கலன்னா?”

அத்தை குழந்தையின் முகத்தை அவன் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

“பாக்கலன்னா திரும்பி வாங்கடா. உங்களைப் பாக்க இங்க ஆள் இருக்கு.”

க்ளெட்டஸ் குழந்தையை வாங்கவில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். ஒலீட்டா போய் காரின் என்ஜினை அணைத்துவிட்டு வந்தாள்.